இந்தக் கோடை ஒன்றுகூடலில் அம்மாமாரைச் சைக்கிளில் ஏற்றுங்கள்

பிரான்சில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுக்கள் அனைத்துக்கும்,

வணக்கம்.

மாசி, பங்குனி பிறந்தால் உங்கள் கூட்டங்கள் தொடங்கிவிடும். கோடை ஒன்றுகூடலை எந்தப் பூங்காவில் வைப்பது, எத்தனை கிலோ கோழி, மைக் செற் ஆர் கொண்டுவருவது, கிளித்தட்டுக்குக் கோடு ஆர் கீறுவது என்று பேசி முடிவெடுப்பீர்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வரவேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வருடம் ஒரு முறையாவது நம் குடும்பங்களைப் பிரான்சின் மேற்கே இருக்கும் மயென் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அம்மாமாரை அடுப்படியில் நிறுத்தாமல் சைக்கிளில் ஏற்றுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வளர்ந்தவள். உங்களில் பாதிப்பேர் அப்படித்தான். தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. விறகு, மண்ணெண்ணெய்க் கான், நோயாளி, மணப்பெண் எல்லாம் சைக்கிளில்தான் போயினர். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டோம். விடிய ஐந்தரைக்கு ரியூசனுக்குப் போகும் பெட்டையளின் சைக்கிள் மணிச் சத்தத்தில்தான் எங்கள் ஒழுங்கை விழிக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால் வலிகாமமே பெயர்ந்தபோது, எங்கள் வீட்டில் மிஞ்சியது அத்தனையும் இரண்டு சைக்கிளில் ஏறித்தான் தென்மராட்சிக்கு வந்தது. ஒன்றை அப்பா உருட்டினார், மற்றதை நான் உருட்டினேன்.

பிறகு பிரான்ஸ் வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு சைக்கிளின் கான்டிலைக்கூடத் தொடவில்லை.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பாரிஸ் நகரை ஒட்டிய 93ஆம் மாவட்டத்தில், எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கும், நடுவில் பஸ் போகும், ஸ்கூட்டர் நடைபாதையில் ஏறி வரும். அந்த றோட்டில் பிள்ளையை விடப் பயம், நானே இறங்கவும் பயம். கணக்கைப் பாருங்கள். 93ஆம் மாவட்டத்தின் பரப்பு 236 சதுர கிலோமீற்றர், அதற்குள் 16 லட்சத்துக்கு மேல் சனம். மயென் என்ற 53ஆம் மாவட்டம் 5,175 சதுர கிலோமீற்றர், சனம் மூன்று லட்சம் அளவில்தான். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒன்றேகால் மணி நேர ரெயின் பயணம். ஆனால் அந்த ஊரின் பெயரே எனக்கு 2022 வரை தெரியாது. லூர்து தெரியும், டிஸ்னி தெரியும், நம் கடைத்தெரு லாச்சப்பலில் எந்தக் கடையில் எந்த நாள் முருங்கைக்காய் வரும் என்று தெரியும்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுப் பெண்தான் அழைத்தாள். அவளுடைய தாயின் வீடு மயென் மாவட்டத்து லாவால் நகரத்துக்குப் பக்கத்தில். “பிள்ளைகளோடு வந்து நாலு நாள் நில்லு, சைக்கிள் இருக்கு” என்றாள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் இரண்டு பிள்ளைகளும் மொன்பர்னாஸில் ரெயின் ஏறினோம்.

அடுத்தநாள் காலை ஆற்றங்கரையில் ஒரு பழைய சைக்கிளை என் கையில் தந்தாள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது. “அம்மா, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?” என்று கேட்டான். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். நான் சைக்கிள் ஓடியதை அவன் பிறந்து பதினான்கு வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் ஐம்பது மீற்றர் கான்டில் என் சொல் கேட்கவில்லை. தோள் இறுகிப்போய்க் கிடந்தது. காதை மட்டும் பின்னுக்கு வைத்துக்கொண்டு, எப்போது கோர்ண் அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. பின்னால் வருவதற்கு அங்கே ஒரு வாகனமும் இல்லை. ரயருக்குக் கீழே மக்கிச் சரளை நெரிபடும் சத்தம், பக்கத்தில் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு வளைவு தாண்டியபோது தோள் தானாக இறங்கியது. உழக்கத் தொடங்கினேன்.

அந்தப் பாதை ஏன் அப்படி இருக்கிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்கென்று போட்ட பாதையல்ல அது. பிரெஞ்சில் ஷெமான் த ஆலாஜ், இழுவைப் பாதை என்பார்கள். இயந்திரம் வராத காலத்தில் படகுகளைக் கரையில் நின்று மாடும் குதிரையும் மனிதரும் கயிறு கட்டி இழுத்தார்கள். இழுப்பவர் மேட்டில் ஏறினால் கயிறு சரிவராது. அதனால் பாதை ஆற்றை ஒட்டியே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கிட்டத்தட்டத் தட்டையாகவே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் அணைகளும், படகைத் தண்ணீர் மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் கட்டிப் படகுப் போக்குவரத்தைச் சீராக்கினார்கள். பிறகு ரெயினும் லொறியும் வந்து சரக்கெல்லாம் அவற்றில் போயிற்று. ஊர்களும் பெரிய றோட்டுகளும் மேட்டில் இருந்துவிட்டன. பள்ளத்தில் ஆறும் இந்த ஒற்றைப் பாதையும் மிஞ்சின. மயென் நகரத்திலிருந்து லாவால், சத்தோ-கொந்தியே வழியாக மாவட்டத்தின் தெற்கு எல்லை வரை 85 கிலோமீற்றர் அளவில் இந்தப் பாதை இருக்கிறது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒவ்வொரு நீர்ப்பூட்டிலும் ஒரு சின்ன மேடு ஏறி இறங்குவதைத் தவிர.

சட்டமும் துணைக்கு நிற்கிறது. பிரெஞ்சில் வுவா வேர்த், பச்சைப் பாதை என்று ஒரு வகை உண்டு. 2004 செப்ரெம்பரில் அதைப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நடப்பவர், சைக்கிள், குதிரை, இவைக்கு மட்டும். மோட்டார் வாகனம் கூடாது. நீலச் சதுரப் பலகையில் ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு குதிரைக்காரர் வெள்ளையில் இருப்பார்கள். அந்தப் பலகையைக் கண்டால் ஐந்து வயதுப் பிள்ளையையும் முன்னுக்கு விடலாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். 2017 மார்ச் 22 முதல் அது சட்டம், மீறினால் கூட்டிப்போகும் பெரியவருக்கு 135 இயூரோ தண்டம்.

அந்த ஆற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

மயென், சார்த் என்ற இன்னொரு ஆற்றோடு ஆஞ்சே நகரத்துக்கு வடக்கே சேர்ந்து மேன் என்று பெயர் மாறி, சற்றுத் தூரத்தில் லுவாரில் விழுகிறது. மயென் நகரத்திலிருந்து ஆஞ்சே வரை 40க்கு மேற்பட்ட நீர்ப்பூட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காவலருக்கென்று கட்டிய ஒரு சிறிய வீடு. இரண்டு பிள்ளைகளும் ஒரு நீர்ப்பூட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டார்கள். ஒரு படகு கீழிருந்து வந்தது. முப்பது மீற்றர் நீளமுள்ள கல்தொட்டிக்குள் அது நுழைய, காவலர் பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவின் அடியிலிருந்த பலகையைச் சுழற்றித் தூக்கினார். தண்ணீர் உள்ளே கொதிப்பதுபோல் பொங்கியது. படகு எங்கள் கண்முன்னே ஒரு ஆள் உயரத்துக்கு மெல்ல மெல்ல எழும்பியது. இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரு மட்டத்துக்கு வந்ததும்தான் முன்கதவு அசைந்தது. அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாதாம், தண்ணீரே அதை அழுத்திப் பிடித்திருக்குமாம். மூத்தவன் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். கண்ணால் கண்டது அன்றுதான். சின்னவள் காவலரிடம் கேட்டு வாங்கி அந்தச் சுழல்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். நம் பிள்ளைகளுக்கு விடுமுறையில் பிரெஞ்சு பேச ஆள் இல்லை, தமிழ் பேச இடம் இல்லை என்று குறைப்படுகிறோமே. அந்த முக்கால் மணியில் அவள் இரண்டிலும் பேசி முடித்துவிட்டாள்.

கரையெல்லாம் வேலி. கம்பிவேலியல்ல, உயிர்வேலி. பொக்காஜ் என்று அந்த நாட்டுப்புறத்துக்கே பெயர். ஒவ்வொரு புல்வெளியையும் ஓக் மரமும் முட்செடியும் நட்டு அடைத்திருப்பார்கள். எங்கள் கிளுவையும் பூவரசும் நின்ற இடத்தில் அங்கே வேறு மரம், வேலை ஒன்றுதான்: காற்றை மறிக்கும், மாட்டை மறிக்கும், விறகு தரும், எல்லை காட்டும். வேலிக்குள்ளே மாடுகள். பால் மாவட்டம் அது. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள், லாக்டெல் பாலோ பிரெசிடான் பட்டரோ இருக்கும். இரண்டையும் விற்கும் லாக்தாலிஸ் 1933இல் லாவாலில்தான் தொடங்கியது, தலைமையகம் இன்றும் அங்கேதான். லாவாலுக்குத் தெற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் ஆந்த்ராமில் ஆற்றங்கரையிலேயே ஒரு மடம் வரும். 1815இல் அங்கு குடியேறிய துறவிகள் செய்த பாற்கட்டிதான் போர்-சலூ. பிள்ளைகளின் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிறோமே, அதே பெயர்.

லாவாலில் ஆற்றுக்கு மேலே பழைய கோட்டை நிற்கிறது. பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஓவியர் ஆன்றி ரூசோவின் கல்லறை இருக்கிறது. அவர் 1844இல் அந்த ஊரில் பிறந்து, பாரிஸ் நகரில் சுங்கவரி அறவிடும் வேலை பார்த்தவர். பிரான்சை விட்டு வெளியே போகாமலே புலியும் காடுமாக வரைந்தார். அன்றாடச் சம்பளத்துக்கு வேலைக்குப் போய்வரும் மனிதர்களுக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்தது.

மூன்றாம் நாள்தான் நான் இந்த மடலை எழுதக் காரணம். சான்-ஜோன் என்ற ஊரைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வேலி வெட்டிய முள் ஒன்று சின்னவளின் பின் ரயரில் ஏறிவிட்டது. காற்று முழுக்கப் போயிற்று. மூத்தவன் உடனே தொலைபேசியை எடுத்து எங்கே கடை என்று தேடினான். தோழி தந்த பையில் ஒட்டுப்போடும் சாமான் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்தேன். இரண்டு நெம்பியையும் ரயருக்குள் விட்டு ஒரு பக்கத்தைக் கழற்றி, ரியூப்பை உருவினேன். காற்றடித்து, ஆற்றுக்குள் கை விட்டு அமத்தினேன். வால்வுக்குப் பக்கத்தில் குமிழி வந்தது. துடைத்து, அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, ஊதி, காயவிட்டு, ஒட்டை வைத்து, கல்லால் அமத்தினேன். முள் இன்னும் ரயருக்குள் இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவி எடுத்தேன். என் கை எல்லாவற்றையும் தானே செய்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் சாவகச்சேரியில் ஒரு மரத்தடியில் செய்தது போலவே.

பிள்ளைகள் இருவரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூத்தவன் கேட்டான், “இது எங்க பழகினீங்கள்?” அன்று பின்னேரம் வரைக்கும் கேள்விதான். டைனமோ ரேடியோவைக் கேட்டான், வலிகாமத்தைக் கேட்டான், அம்மப்பா எப்படி உருட்டினார் என்று கேட்டான். எத்தனையோ மாவீரர் நாளுக்கும் பேச்சுப் போட்டிக்கும் கூட்டிப்போயிருக்கிறேன், தானாக வந்து அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

இப்போது உங்கள் ஒன்றுகூடலுக்கு வருகிறேன். மனம் நோகாமல் கேளுங்கள். ஆண்கள் கரப்பந்தாட்டம், துடுப்பாட்டம். பிள்ளைகளுக்குச் சாக்கோட்டம். பெண்கள் காலை நாலு மணிக்கு எழும்பி ரோல்ஸ் பொரித்து, பூங்காவில் கொத்துரொட்டி போட்டு, பின்னேரம் சட்டி கழுவி, நடுவில் ஒரு சங்கீதக் கதிரை. இருபது வருடமாக இதே ஒழுங்கு. சைக்கிளில் உலகத்தைச் சுமந்த பெட்டையளுக்கு நாம் இங்கே வைத்திருக்கும் இடம் அகப்பையின் பின்பக்கமா? ஒரு கூட்டத்தில் நான் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கூட்டம் என்று சொல்லமாட்டேன். “அக்கா, ஆர் அங்க போய்ச் சைக்கிள் உழக்கப் போகினம்?” என்று சிரித்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மூன்று அம்மாமார் என் கையைப் பிடித்து, “நீங்கள் போறதெண்டால் எங்களுக்கும் சொல்லுங்கோ” என்றார்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்களுக்கு வரும் தயக்கங்களும் எனக்குத் தெரியும். நாட்டுப்புறத்தில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு பயம். பொய் சொல்லமாட்டேன், ஒரு கடையில் ஒருவர் சற்று நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆற்றங்கரையில் எதிரே வந்த ஒவ்வொருவரும் பொன்ஜூர் சொன்னார்கள். எங்கள் மாடிக்கட்டடத்தில் பதினொரு வருடமாக எனக்குச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். உணவகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சனி ஞாயிறு லீவு இல்லை என்பீர்கள். உண்மைதான். அவர்களுக்காக ஒரு பயணத்தை ஞாயிறு திங்களாக வையுங்கள். மே, ஜூன் மாதங்களில் வரும் நீண்ட வாரயிறுதிகள் நல்லவை. ஓகஸ்ட் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மாரியில் மட்டும் போகவேண்டாம், ஆறு பெருகினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். நல்ல மழைக்கு அடுத்தநாள் மக்கியும் ரயரில் ஒட்டும்.

சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் உண்மையான சிக்கல். தேஜேவே அதிவேக ரெயினில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்கூட்டியே பதியவேண்டும், எல்லா ரெயினிலும் ஏற்றவும் மாட்டார்கள். முப்பது பேர் முப்பது சைக்கிளோடு மொன்பர்னாஸில் போய் நின்றால் நடக்காது. ஆட்கள் ரெயினிலோ பஸ்ஸிலோ போகட்டும். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள், அல்லது நம்மிடம் கடைச் சாமான் ஏற்றும் வான் எத்தனை இருக்கிறது, அதில் ஒன்றை ஒருநாள் தாருங்கள். மயென் நகரத்துக்கும் சத்தோ-கொந்தியேக்கும் பயணிகள் ரெயின் இல்லை. அதனால் லாவாலையே தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தெற்கே ஆந்த்ராம் மடம் வரை போய் வந்தால் மொத்தம் இருபது கிலோமீற்றர், எந்த அம்மாவாலும் முடியும். இரண்டாம் நாள் வடக்கே, முடிந்த தூரம் வரைக்கும். தங்குமிடம் தேடும்போது அக்கேய் வேலோ என்ற முத்திரையைப் பாருங்கள். சைக்கிளை இரவில் பூட்டிவைக்க இடமும் திருத்தச் சாமானும் தருவோம் என்று உறுதி கொடுத்த இடங்கள் அவை, பாதையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கும்.

இளம் பிள்ளைகளுக்கு இது போதாது என்றால் அவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்த ஆற்றுப் பாதை வேலோ ஃப்ரான்செத் என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு. நோர்மண்டிக் கடற்கரையில் உய்ஸ்திரெஹாமில் தொடங்கி லா றொஷெல் வரை 600 கிலோமீற்றருக்கு மேல் போகிறது அது. மயென் நகரத்துக்கு வடக்கே பழைய ரெயில்பாதை ஒன்றின் மேலேயே ஓடித் தோம்ஃப்ரோனை அடைகிறது. பாரிஸ் நகரிலிருந்து மோன்-சான்-மிஷெலுக்குப் போகும் சைக்கிள் பாதையும் தோம்ஃப்ரோன் வழியாகத்தான் வருகிறது. விளையாட்டுக் கழகத்துப் பெடியள் பாரிஸ் நோத்ர்-டாம் தேவாலயத்தடியில் சைக்கிள் ஏறி, தோம்ஃப்ரோனில் தெற்கே திரும்பி, லாவாலில் எங்களோடு வந்து சேரலாம்.

இதைப் போட்டியாக மாத்தவேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இலக்கம் எழுதிய பெனியன் வேண்டாம், கேடயம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அந்த ஆற்றில் கொக்கு நிற்கும், மீன்கொத்தி தண்ணீரை ஒட்டி நீலக்கோடாகப் பறக்கும். சத்தம் போட்டால் இரண்டும் போய்விடும். அந்த இரண்டு நாளும் அடுப்பும் வேண்டாம். வழியில் வெதுப்பகத்தில் பகெத் வாங்கலாம். புட்டுத்தான் வேண்டும் என்றால் ஆண்கள் அவித்துக் கட்டிக்கொண்டு வரட்டும்.

சைக்கிளே ஓடத் தெரியாத அம்மாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள், ஊரில் வீட்டார் விடாதவர்கள், சண்டைக்குள் பிறந்து வாய்ப்பே கிடைக்காதவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சங்கங்களிடம் காசு கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பல்கனியில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்களைத் தாருங்கள். சித்திரை முதல் ஞாயிறிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு லா கூர்நேவ் பூங்காவில் பழக்குவோம். என்னிடம் இரண்டு சைக்கிள், ஒரு பம்ப், ஒட்டுச் சாமான் ஒரு பெட்டி இருக்கிறது. மூத்தவனும் வருவான், பின்கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு. அந்த மூன்று அம்மாமாருக்கும் சொல்லிவிட்டேன். மழை பெய்தாலும் பெரிய வாசலடியில் நிற்போம்.

அன்புடன்,
உங்கள் ஒன்றுகூடல்களில் இருபது வருடம் கொத்துப் போட்ட ஒருத்தி